ஒரே தடவை பேசுகிறவர்: ஃபிஜியில் எட்டு நாள்

முதல் நாள், புதன்: நாடி

ஆக்லாந்தில் மகன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் வேலை இல்லாமல் போய்விட்டது. "மூணு மணி நேரத்துல ஃபிஜிப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்று மகனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். கடற்கரையில் கால் நீட்டி உட்கார்ந்து இளநீர் குடிப்போம் என்று அவன் நினைப்பு. எனக்கு 34 வருடம் கோர்ட் உத்தியோகம்; சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோர்ட் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பேன், அப்புறம்தான் கோயில். விமானத்தில் பெல்ட் போடும்போதே வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்: "அங்க போயும் கேஸ் கட்டைப் பிரிக்கப் போறீங்களா?"

பிரிக்கத்தான் போகிறேன். வருவதற்கு முன்பே இந்த ஊர்ப் பழைய கோர்ட்டுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருக்கிறேன்.

ஊர்ப் பெயர் எழுதுவது நாடி, சொல்வது நண்டி. பாதிரிமார்கள் ஃபிஜி மொழிக்கு எழுத்து அமைத்தபோது ஒலிக்கு ஒரு எழுத்துதான் என்று கணக்காக வைத்துவிட்டார்கள். அதனால் ட என்று தெரிகிற எழுத்தை ண்ட என்றும், ப வை ம்ப என்றும் படிக்க வேண்டும். ஃபிஜிக்காரர்களின் பழைய பெருந்தலைவர் தக்கோம்பாவின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் சகோபாவ் என்றுதான் படிக்கத் தோன்றும்.

வாடகைக் காரோட்டி தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கொள்ளுத்தாத்தா மதராஸ் கப்பலில் வந்தவர். தம்பிக்கு வீட்டில் ஃபிஜி இந்தி, வெளியே இங்கிலீஷ். தமிழில் சாமி, பூசை, வடை தெரியும். எங்களை அங்கிள், ஆன்ட்டி என்கிறான். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சாயங்காலம் கடைத்தெருக் கோடியில் இருக்கிற சிவசுப்ரமணிய சுவாமி கோயில். இப்போது நிற்கிற கோபுரத்துக்கு 1994-இல் கும்பாபிஷேகம் ஆனது. மேற்கூரை முழுக்க வண்ண ஓவியம். மண்டபத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், எண்பதைத் தாண்டியவர். 'வாங்க' மட்டும் தமிழில் சொன்னார், மற்றதெல்லாம் இந்தி. தம்பி மொழிபெயர்த்தான். அவருடைய பாட்டி கிர்மிட்டில் வந்தவர். கிர்மிட் என்றால் அக்ரிமென்ட், ஐந்து வருட ஒப்பந்தம். கோர்ட்டைப் பற்றிப் பாட்டி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கோர்ட்டுக்குப் போனவங்க உண்டு, ஜெயிலுக்குப் போனவங்களும் உண்டு. ஜெயிச்சு வந்தவங்களைப் பத்திப் பாட்டி சொன்னதா ஞாபகம் இல்லை."

இவள் என் முழங்கையைக் கிள்ளினாள். போதும், சாமி கும்பிட வாங்க என்று அர்த்தம்.

இரண்டாம் நாள், வியாழன்: லௌட்டோகா

1903-இல் அரவையைத் தொடங்கிய சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது. கடலோரம் முழுக்க வெல்லப்பாகு வாசம். ஆலையைக் கட்டிய சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி 1973-இல் நாட்டைவிட்டே போய்விட்டது. ஆலை இப்போது ஃபிஜிக்காரர்கள் கையில். கரும்பு ஏற்றிய குட்டி ரயில் சாலையைக் குறுக்கே கடந்தபோது தம்பி வண்டியை நிறுத்தி, பேரனுக்கு அனுப்பப் படம் எடுத்துக் கொடுத்தான்.

1879 முதல் 1916 வரை 60,000-க்கு மேற்பட்டவர்களை இந்தியாவிலிருந்து இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் எல்லாம் கல்கத்தாக் கப்பல். 1903-க்குப் பிறகு மதராஸ் கப்பலும் வந்தது. மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தெற்கத்திக்காரர். குடியிருப்புக்கு 'லைன்' என்று பெயர். பத்தடிக்கு ஏழடி அறை. அதில் ஒண்டி ஆள் மூன்று பேர், அல்லது ஒரு குடும்பம்.

நான் இங்கே வந்தது அந்த லைனைப் பார்க்க அல்ல, அதைக் கட்டிக் காத்த சட்டத்துக்காக. கூலி ஒப்பந்தத்தை மீறினால் நம் ஊரில் என்ன ஆகும்? நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டில் பிராது கொடுப்பார்கள், வாய்தா வாய்தாவாகப் போகும். இங்கே அது கிரிமினல் குற்றம். காலையில் ஓவர்சியர் இன்றைக்கு இவ்வளவு வரிசை களை என்று அளந்துவிடுவான். அந்த அளவுக்கு 'டாஸ்க்' என்று பெயர். முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் கூலி போவதோடு நிற்காது, மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தலாம். சட்டப்படி வேலைக்கு வராதது குற்றம், 'உரிய சுறுசுறுப்பு' காட்டாதது குற்றம், சொன்ன பேச்சைக் கேட்காததும் குற்றம். தண்டனை அபராதம், இல்லாவிட்டால் சிறை.

இதைவிட இன்னொரு பிரிவு என்னை அசத்தியது. வேலைக்கு வராத நாளையும் சிறையில் கழித்த நாளையும் ஐந்து வருடத்தோடு கூட்டிவிடுவார்கள். ஜெயிலில் கிடந்தது ஒரு தண்டனை. அந்த நாட்களை மறுபடி கரும்புக் கொல்லையில் கழிப்பது இரண்டாவது தண்டனை. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிக்கக் கூடாது என்று சட்டக் கல்லூரி முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். எழுதியவன் அதைப் படிக்காதவன் இல்லை, படித்ததைச் சாமர்த்தியமாகத் தாண்டத் தெரிந்தவன்.

கூலிக்காரரும் ஓவர்சியர்மேல் புகார் கொடுக்கலாம், சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் புகார் சொல்லத் தோட்டத்தைவிட்டு வெளியே போனால், போனதே 'வேலைக்கு வராத' குற்றமாகிவிடும். சாட்சி சொல்ல வேண்டியவன் நாளைக்கு அதே ஓவர்சியரிடம்தான் டாஸ்க் வாங்க வேண்டும். விசாரிக்கிற வெள்ளைக்கார மாஜிஸ்டிரேட், தோட்டத்துத் துரைகளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். 1886-இல் சுவாவுக்குப் பக்கத்துக் கொரோனிவியா தோட்டத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலைப்பளு தாங்காமல் ஊர்வலமாகத் தலைநகருக்கே நடந்துபோய் முறையிட்டார்கள். அதற்குப் பிறகு சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கும்பலாகப் புகார் சொல்லக் கிளம்புவதே குற்றமானது.

தமிழ்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம், மொழி. துரைமார்களுக்குத் தெரிந்தது அரைகுறை இந்துஸ்தானி. மதராஸ் கப்பலில் வந்தவன் தன் வழக்கைச் சொல்வதற்கு முன்னால் இந்தி கற்றுக்கொள்ள வேண்டும். என் காலத்தில் தெலுங்கு மட்டுமே தெரிந்த ஒரு சாட்சி கூண்டில் ஏறியதும் மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் மத்தியானம் வரை கோர்ட்டே நின்றது ஞாபகம் வருகிறது. இங்கே யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை.

ஓவர்சியருக்குக் கூலிக்காரர் வைத்த பெயர் குலம்பர். காலையில் நம்பர் சொல்லிக் கூப்பிடும் 'கால் நம்பர்' திரிந்து குலம்பர் ஆனது என்கிறார்கள்.

இவள் மார்க்கெட்டில் முருங்கைக்கீரையும் சேப்பங்கிழங்கும் பார்த்துவிட்டு, சமைக்க அடுப்பு இல்லையே என்று வருத்தப்பட்டாள்.

மூன்றாம் நாள், வெள்ளி: சிங்கடோகா வழியாக சுவா

எழுதுவது சிகடோகா. ஆற்றங்கரையில் ஊர், ஆற்றைப் பார்த்தபடி ஒரு குன்று, அதன்மேல் தவூனி கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சியை நினைக்க வேண்டாம். மண்மேடுகள், பாறைகள், பழைய வீடுகள் நின்ற மேடைகள், தலையை வெட்டுவதற்கென்று ஒரு கல். டோங்கா தீவிலிருந்து வந்த ஒரு தலைவர் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. 1876-இல் ஃபிஜி ஆயுதப் போலீஸ் இதை அழித்தது.

இந்த ஆயுதப் போலீசைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1874 அக்டோபர் 10-இல் தக்கோம்பாவும் மற்ற தலைவர்களும் தீவுகளை விக்டோரியா ராணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டதெல்லாம் பெரும்பாலும் கடலோரத் தலைவர்கள். மலைக்காட்டில் இருந்த 'கை தோலோ' மக்களை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, 1875 ஜனவரியில், தக்கோம்பாவை சிட்னியிலிருந்து ஏற்றிவந்த டைடோ என்ற போர்க்கப்பல் தட்டம்மையையும் ஏற்றிவந்தது. 40,000 பேர் வரை செத்துப்போனார்கள். கையெழுத்துப் போட்ட கை காயவில்லை, அதற்குள் ஊர் ஊராகப் பிணம். மலைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வெள்ளைக்காரன் வேண்டுமென்றே அனுப்பிய நோய் என்றுதான். அடுத்த வருடம் எதிர்த்துக் கிளம்பினார்கள்.

கவர்னர் சர் ஆர்தர் கார்டன் வெள்ளைப் பட்டாளத்தை வரவழைக்கவில்லை. கேப்டன் நாலிஸ் ஒரு பக்கம், தன் உறவினரான இன்னொரு கார்டன் மறுபக்கம்; இரண்டு படையிலும் அநேகமாக எல்லாருமே ஃபிஜிக்காரர்கள். கடலோரக் கிறிஸ்தவ ஃபிஜிக்காரன் மலைநாட்டு ஃபிஜிக்காரனை அடக்கினான். பிடிபட்டவர்களை அங்கேயே விசாரித்துச் சிலரைத் தூக்கிலிட்டார்கள். போர் என்றால் கைதியைத் தூக்கில் போட முடியாது, கலகக் குற்றவாளி என்றால் போடலாம். அதனால் இது போர் இல்லை, சட்டம் ஒழுங்கு நடவடிக்கை என்று பதிவானது. இந்தச் சொல்லின் வேலை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை எஃப்.ஐ.ஆரை நகல் எடுத்திருக்கிறேன்.

அதே 1876-இல்தான் கார்டன் ஃபிஜிக்காரர்களுக்கென்று தனிச் சட்டம், தனிக் கோர்ட் ஏற்பாடு செய்தார். மொரிஷியஸிலும் டிரினிடாடிலும் கவர்னராக இருந்துவிட்டு வந்தவர் அவர். மண்ணின் மக்கள் நிலத்தை விற்கக் கூடாது, தோட்டக் கூலியாகப் போய் அழியக் கூடாது, தங்கள் கிராமத்தில் தங்கள் தலைவர்களின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்ல எண்ணம்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். கிராமத்துக்குத் தலைவர் 'துரங்கா நி கோரோ', சில கிராமங்கள் சேர்ந்த வட்டத்துக்கு 'ம்புலி', மாகாணத்துக்கு 'ரோக்கோ துயி'. வட்டக் கோர்ட்டில் ஃபிஜிக்கார மாஜிஸ்டிரேட். அவரை 'துரங்கா நி லேவா', அதாவது தீர்ப்புக்குத் தலைவர் என்பார்கள். மாகாணக் கோர்ட்டில் வெள்ளைக்கார மாஜிஸ்டிரேட்டும் அவரோடு சேர்ந்து உட்காருவார். கொலை போன்ற பெரிய வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு.

ம்புலி என்றதும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புளியா, புலியா?"

வரியை வசூல் செய்ய வைத்து, உத்தரவைப் படித்துக் காட்டி, மீறினவனைக் கோர்ட்டுக்கு அனுப்புகிற ஆள் அவர். என் தாத்தா கிராம முன்சீப்பாக இருந்தவர். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தப் பதவியை ஒழித்த அன்று, திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது கண்ணிலேயே நிற்கிறது. ம்புலியைப் படிக்கும்போதெல்லாம் தாத்தா முகம்தான் வருகிறது. ஊருக்கு அவர் அரசாங்கம்; அரசாங்கத்துக்கு அவர் ஊர்.

இரவு சுவா வந்து சேர்ந்தோம். மழை.

நான்காம் நாள், சனி: சுவா

அரசாங்கக் கட்டடம் 1939-இல் திறந்தது, சாம்பல் நிறம், மணிக்கூண்டு. ஓடை இருந்த இடத்தில் காங்கிரீட் தூண்களை அடித்து இறக்கி மேலே கட்டியிருக்கிறார்கள். ஹைகோர்ட் இதற்குள்தான். சனிக்கிழமை என்பதை மறந்துபோய்ச் சட்டை மடிப்புக் கலையாமல் கிளம்பிப் போனேன். கேட் பூட்டியிருந்தது. "உங்க கோர்ட்டுக்கும் சனி ஞாயிறு லீவுதானே, இது தெரியாதா?" என்று இவள் சொன்னது நியாயம்.

வெளியே இரண்டு சிலைகள்: தக்கோம்பாவ், ராத்து சர் லாலா சுகுனா. சுகுனா ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சண்டை போட்டவர். 1940-களில் ஃபிஜிக்காரர் நிர்வாகத்தையும் அவர்களுக்கான கோர்ட்டுகளையும் மறுபடி தூக்கி நிறுத்தியவர் இவர்தான். அந்தக் கோர்ட்டுகள் 1960-களின் கடைசிவரை நடந்தன.

சாலை முனையில் போக்குவரத்துப் போலீஸ்காரர். நீலச் சட்டை, இடுப்பில் வெள்ளை சுலு. சுலு என்றால் நம் வேட்டியைத் தைத்துப் போட்டது போல. ஓரம் மட்டும் ரம்பப்பல் மாதிரி வெட்டியிருக்கும். வேட்டியோடு டிராஃபிக் போலீஸ்! நம் ஊரில் ஒரு வேனல்காலம் முழுக்க இப்படி விட்டால் ஏட்டுகள் கும்பிடுவார்கள்.

அருங்காட்சியகம் தர்ஸ்டன் பூங்காவுக்குள். பெரிய இரட்டைப் படகு ஒன்று. 1867-இல் மலைநாட்டில் கொல்லப்பட்ட பாதிரியார் தாமஸ் பேக்கரின் செருப்பு அடித்தோல் ஒன்று. கூட்டம் அதைச் சுற்றித்தான். மாடியில் கிர்மிட் பகுதி. இவள் அங்கே இருந்த பாத்திரங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிஜிக்காரர்களின் கோர்ட்டில் என்ன குற்றங்கள் வந்தன என்பதுதான் வேடிக்கை. திருட்டு, அடிதடி எல்லாக் கோர்ட்டிலும் உண்டு. பிறன்மனை புகுதல் இங்கே ஜெயில் குற்றம், அதில் மெத்தடிஸ்ட் சபையின் கை தெரிகிறது. உணவுப் பயிர் வைக்காதது குற்றம். தலைவர் சொன்ன ஊர்வேலைக்கு வராதது குற்றம். அனுமதி இல்லாமல் கிராமத்தைவிட்டுப் போய் வேறிடத்தில் தங்கிவிடுவது குற்றம்.

நேற்று முன்தினம் லௌட்டோகாவில் எழுதியதை இதோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரே கவர்னர், ஒரே ராணி. இந்தியக் கூலி தோட்டத்தைவிட்டுப் போனால் குற்றம், ஃபிஜிக்காரன் கிராமத்தைவிட்டுப் போனால் குற்றம். முன்னவனுக்குச் சொன்ன காரணம் ஒப்பந்தம், பின்னவனுக்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. ஓடிப்போன கூலிக்கு இடம் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. இரண்டு பேரும் ஒரே ஆற்றில் தண்ணீர் எடுத்தார்கள். கோர்ட் வேறு, சட்டப் புத்தகம் வேறு. பின்னாளில் இரண்டு இனங்களும் ஏன் ஒட்டவில்லை என்று பேசுகிறவர்கள் சோம்பேறித்தனம், பேராசை என்று பிறவிக் குணம் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கேஸ் கட்டைப் பார்க்கச் சொல்வேன்.

இன்று படித்ததில் என்னைத் தூங்கவிடாதது ஒரு பெயர். தலைமை நீதிபதிக்கு ஃபிஜி மொழியில் அந்தக் காலத்தில் 'நவோசவகண்டுவா' என்று பட்டம். ஒரே தடவை பேசுகிறவர் என்று பொருள். மற்றவர்கள் பேசினால் மறுபேச்சு உண்டு. இவர் ஒரு தடவை பேசினால் முடிந்தது, ஆள் தூக்குக்கோ வீட்டுக்கோ போகலாம். 34 வருடத்தில் நான் பார்த்த நீதிபதிகளில் ஒரே தடவை பேசியவர் இரண்டு பேர் தேறுவார்கள்.

அந்தப் பட்டத்தை ஒரு ஃபிஜிக்காரர் எடுத்துத் தனக்கே வைத்துக்கொண்டார். வடக்கே ரா மாகாணத்து ட்ராவ்னீவி கிராமத்துக்காரர், இயற்பெயர் ந்டுங்குமோய். பழைய தெய்வங்கள் திரும்பி வரும், வெள்ளைக்காரர் நமக்குச் சேவகம் செய்வார்கள், செத்தவர்கள் எழுவார்கள் என்று குறி சொன்னவர். அந்த இயக்கத்துக்கு 'தூக்கா', சாவின்மை, என்று பெயர். பின்பற்றியவர்களுக்குப் பாட்டிலில் புனித நீர். அதோடு, ஆயுதப் போலீஸ் மாதிரியே டிரில். கோர்ட்டின் பட்டம் அவருக்கு, போலீசின் அணிவகுப்பு அவர் ஆட்களுக்கு. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

1878-இல் ஒரு தடவை பிடித்து நாடு கடத்தினார்கள். 1880-களின் நடுவில் மறுபடி பிடித்து, வடக்கே நடுக்கடலில் இருக்கிற ரொட்டுமா தீவுக்கு அனுப்பினார்கள். 1887-இல் ஒரு சட்டம் வந்தது: 'அதிருப்தி கொண்ட சுதேசி' என்று கவர்னருக்குப் பட்டால் விசாரணையே இல்லாமல் காலனியின் எந்த மூலையிலும் அடைத்துவைக்கலாம். 1891-இல் ட்ராவ்னீவியைத் தரைமட்டமாக்கி, ஊர் மொத்தத்தையும் தெற்கே கண்டாவு தீவுக்குக் கொண்டுபோனார்கள். குற்றவாளி ஒருவர், தண்டனை ஊருக்கு. வட்டக் கோர்ட், மாகாணக் கோர்ட் என்று அத்தனை படிக்கட்டு கட்டிய அரசாங்கம், தனக்குப் பயம் வந்ததும் ஒரு படிகூட ஏறவில்லை. 1917-இல் அபோலோசி என்ற இன்னொருவரையும் இதே போல ரொட்டுமாவுக்கு அனுப்பினார்கள். வாழை முதலான விளைச்சலை ஃபிஜிக்காரர்களே விற்கலாம் என்று கம்பெனி ஆரம்பித்தவர் அவர்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

கடைகள் பூட்டு. தேவாலயங்களில் நாலு குரலில் பாட்டு, தெருவெல்லாம் கேட்கிறது. மத்தியானம் ஹொவல் ரோடு மாரியம்மன் கோயில். இங்கே வருடா வருடம் தீமிதி நடக்கும். அம்மன் முன்னால் தமிழில் இரண்டு வரி பாடினாள் இவள். அங்கே இருந்த பெண்கள் அர்த்தம் தெரியாமலே கூடவே பாடினார்கள், ராகம் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள், திங்கள்: லெவுக்கா போகும் வழி

அதிகாலையில் பஸ், நட்டோவி துறையில் கப்பல், ஓவலாவ் தீவில் இறங்கி மறுபடி பஸ். எனக்குக் குமட்டல், இவளுக்கு ஒன்றுமில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து பக்கத்துச் சீட்டு ஃபிஜி அம்மாவுக்குக் கொடுத்துச் சிநேகம் பிடித்துவிட்டாள். அந்த அம்மா வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். எலுமிச்சை ஊறுகாயும் மரவள்ளியும், பரவாயில்லை.

ஏழாம் நாள், செவ்வாய்: லெவுக்கா

பழைய தலைநகர். 1882-இல் தலைநகரை சுவாவுக்கு மாற்றிவிட்டார்கள், பின்னால் மலை செங்குத்தாக நிற்பதால் ஊர் வளர இடம் இல்லை. வளராததால் அப்படியே இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். கடலைப் பார்த்து ஒரே தெரு, மரப்பலகைக் கடைகள், தெருமுனையில் சூரைமீன் ஆலை. காற்று திரும்பினால் பாரம்பரியம் முழுக்க மீன் வாசம்.

நியூகாம்பே என்ற சின்ன மேட்டில் போர் நினைவுத் தூண் இருக்கிறது. பிரிட்டிஷார் வருவதற்கு முன்பு தக்கோம்பாவ் வெள்ளைக்கார ஆலோசகர்களை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கம் நடத்தினாரே, அதன் பார்லிமென்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் இந்த மேட்டில்தான் இருந்தன. காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பழைய கோர்ட்டின் செங்கல்கூட இல்லை, நல்ல காற்று மட்டும்.

அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயர் சார்ல்ஸ் செயின்ட் ஜூலியன். சிட்னியில் பத்திரிகைக்காரர், கோர்ட் செய்தி எழுதுகிறவர். கூடவே ஹவாய் ராஜாவுக்குத் தூதர். 1872-இல் இவரைக் கூப்பிட்டுத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். பத்திரிகையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டே சட்டம் தெரிந்துகொண்டவர். பெஞ்ச் கிளார்க்காகப் பத்து வருடம் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. 1874-இல், பிரிட்டிஷ் கொடி ஏறிய கொஞ்ச நாளில், இந்த ஊரிலேயே செத்துப்போனார்.

அவர் தீர்ப்புக்குக் கீழ்ப்படிய வெள்ளைக்காரர்கள் தயாராக இல்லை. கறுப்பு ராஜாவின் சட்டம் தங்களைக் கட்டுமா என்று சங்கம் சேர்த்தார்கள், வரி மறுத்தார்கள். அமெரிக்காவைப் பார்த்து இங்கேயும் கு க்ளக்ஸ் க்ளான் என்றே ஒரு கூட்டம் கிளம்பியது. பசிபிக் தீவில் க்ளான்! நாலு தடவை படித்துத்தான் நம்பினேன். சட்டத்தை மதிக்கத் தெரியாத காட்டுமிராண்டிகள் என்று யாரைச் சொல்லித் தீவை எடுத்துக்கொண்டார்களோ, அவர்கள் கோர்ட் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டவர்களின் சொந்தக்காரர்கள் அதைக் கலைக்கப் பார்த்தார்கள்.

தக்கோம்பாவ் அரசாங்கமும் சுத்தம் இல்லை. இந்தத் தீவின் நடுவே எரிமலை வாய்க்குள் இருக்கிற லோவோனி ஊர்க்காரர்கள் லெவுக்காவைப் பலமுறை தாக்கினவர்கள். 1871-இல் சமாதானம் என்று பேசி இறங்கிவர வைத்து, பிடித்து, வெள்ளைக்காரத் தோட்டங்களுக்கு விற்றார்கள். தண்டனையும் ஆச்சு, கஜானாவுக்கு வரவும் ஆச்சு. ஊர் மொத்தத்தையும் பெயர்த்துக் கொண்டுபோகிற பழக்கம், ஆக, 1891-க்கு முன்பே இந்தத் தீவில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின்தான் லோவோனிக்காரர்கள் ஊர் திரும்ப முடிந்தது. என் நோட்டில் ஒரே பக்கம் சாயவிடாமல் இந்த ஒரு வரி தடுக்கிறது.

ஓடைக்கரையில் 1874-இல் கட்டிய போலீஸ் ஸ்டேஷன். சின்ன மரவீடு, நம் ஊர்க் கிராம நூலகம் அளவு. வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் நான் கோர்ட்டில் வேலை பார்த்தவன் என்றேன். "அப்படியானால் வுனிவோலா" என்றார். எழுத்தர், கணக்குப்பிள்ளை என்று அர்த்தமாம். மாகாண ஆபீசில் ரோக்கோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள் வுனிவோலாக்கள். தீர்ப்பு சொன்னவர்கள் படம் எல்லா இடத்திலும் மாட்டியிருக்கிறது. எழுதியவன் படம் எங்கேயும் இல்லை, எந்த நாட்டிலும்.

சாயங்காலம் 199 படி ஏறி மிஷன் ஹில். இவள் எண்ணிக்கொண்டே வந்தாள். 191-தான் என்கிறாள். இரவு சாப்பாட்டிலும் அப்பீல் தொடர்கிறது.

எட்டாம் நாள், புதன்: ராக்கிராக்கி

நட்டோவி துறையில் தம்பி வண்டியோடு நின்றான். கிங்ஸ் ரோடு வழியாக நாடிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ட்ராவ்னீவி வழியில் வரும், அங்கே நிறுத்த வேண்டும் என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. ராக்கிராக்கி என்றால் உண்ட்ரே உண்ட்ரே சமாதிக்குத்தான் எல்லாரையும் கூட்டிப்போவானாம். 872 ஆட்களைத் தின்றதாகச் சொல்லப்படுகிற பழைய தலைவர். சமாதியில் காசு போட்டுப் படம் எடுப்பார்கள்.

ஒரு கிராமத்துக்குள் போவதென்றால் கையில் யங்கோனா வேர்க்கட்டு வேண்டும், இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வேர். பெரியவர் முன்னால் வைத்து, வந்த காரணம் சொல்லி, அனுமதி வாங்க வேண்டும். கொரோவோ மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி முன்சீட்டில் வைத்தோம். சுவாவில் ஒரு தடவை குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போய், மண்ணும் வசம்பும் கலந்த ருசி.

வலது பக்கம் கடல், இடது பக்கம் நகவாந்த்ரா மலை. அங்கேதான் ஃபிஜிக்காரர்களின் மூல தெய்வமான பாம்புச் சாமி ந்தெங்கேய் இருக்கிறார். நவோசவகண்டுவா திரும்பி வரும் என்று சொன்ன தெய்வங்கள் இந்த மலைக்குச் சொந்தம். கரும்பு முடிந்து தென்னை, தென்னை முடிந்து மறுபடி கரும்பு. ஊர் விலக்கில் தம்பி வண்டியை நிறுத்தியபோது ஐந்து மணி. மழை இறங்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் தகரக் கூரைகள், ஒரு தேவாலயம், கொடியில் துணி எடுக்க ஓடுகிற ஒரு பெண்.

"போகலாமா அங்கிள்?"

வேர்க்கட்டு மடியில் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, வந்த காரணம் என்று என்ன சொல்வது? உங்கள் ஊரை ஒரு காலத்தில் தரைமட்டமாக்கிக் கூண்டோடு அனுப்பினார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன், அதைப் பார்க்க வந்தேன் என்றா? கண்டாவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவர்கள் திரும்பி வந்து மறுபடி வீடு கட்டினார்கள். நவோசவகண்டுவா வரவில்லை, 1897-இல் இறந்துபோனார். பொழுது சாயும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், செருப்பும் கேமராவுமாக இரண்டு கிழங்கள். வேண்டாம் என்றேன். இவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

கிளம்பும்போது தம்பி அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன், அர்த்தமும் சொன்னேன்.

"ஒரே தடவைதான் பேசுவார்னா, அப்பீல் கிடையாதா?"

"கிடையாது."

"எங்க தாத்தாவோட அப்பா கேஸுக்கு?"

அப்படி ஒரு கேஸ் இருந்தது என்று இந்த எட்டு நாளில் அவன் சொல்லவே இல்லை. என்ன கேஸ் என்று கேட்டேன். டாஸ்க் முடிக்கவில்லையாம், ம்பா மாஜிஸ்டிரேட் கோர்ட், எத்தனை நாள் போட்டார்கள் என்று தெரியாது, வீட்டில் யாரும் கேட்டதில்லை. வைப்பரைப் போட்டான். பின்சீட்டிலிருந்து இவள் என் தோளைத் தட்டி, "நோட்டை எடுங்க, எழுதிக்குங்க" என்றாள்.